தெர்மாகோல் சுவரும் ஜாபர் பாயும்

கள்ளக்குறிச்சியில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் ஜாபர் பாய் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். தள்ளுவண்டியில் தொடங்கி, தானே நின்று இரண்டு கடை கட்டிய மனிதர். அப்படிப்பட்டவருக்கு இஞ்சினியர் எதற்கு? ஆனாலும் இந்த வீட்டுக்குத் தேவைப்பட்டது.

சவுதியில் கட்டட வேலை செய்யும் மகன் ரவூப் சொன்ன வீடு அது. தெர்மாகோல் கட்டிகளை இரண்டு வரிசையாக அடுக்கி, நடுவில் கம்பி நிறுத்தி, அந்தச் சந்தில் காங்கிரீட் ஊற்ற வேண்டும். வெயில் உள்ளே ஏறாது. ஷீட் வீட்டு வெக்கையில் மூச்சுக்குத் திணறும் மனைவி மெஹ்ராஜ் பேகத்துக்காகவே பாய் லாரியில் கட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினார். கம்பிக் கணக்குப் போட ஆள் தேடியது அதற்கப்புறம்தான். ஊர் இஞ்சினியர்கள் ஒவ்வொருவராகக் கைவிரித்தார்கள்.

"டிவி பொட்டியில வர்றத வச்சி வூடா, பாய்?" என்றார் மேஸ்திரி கொளஞ்சியப்பன்.

கடைசியில் கிடைத்தவள் வடக்கனந்தல் ரம்யா. சென்னைக் கம்பெனியில் கட்டட இஞ்சினியர். கொரோனாவால் ஊரிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். வரைபடமும் கம்பிக் கணக்கும் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "ஒரேடியா ஊத்தாதீங்க. முழங்கால் உசரம் வூட்டச் சுத்தி வந்து, அது இறுகினாதான் அடுத்த சுத்து. இல்லன்னா கட்டி வெடிச்சிடும்."

"நான் பாக்காத காங்கிரீட்டா பாப்பா?" என்றார் பாய்.

காங்கிரீட் போட்ட அன்று, இட ஒதுக்கீடு கேட்டு மனு கொடுக்கப் பாதி ஆட்கள் போய்விட்டார்கள். மிச்சப்பேர் சீக்கிரம் முடிக்கப் பறந்தார்கள். வேலை முடிந்தால்தான் பிரியாணி என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அண்டா மணம் வேறு இழுத்தது. ஒரே மூச்சில் நெஞ்சு உயரம் ஏறியதும் சமையலறைச் சுவர் வயிறு தள்ளியது.

வேலையைப் பார்க்க வந்திருந்த ரம்யா நிறுத்தச் சொன்னாள். ஊற்றியதை அள்ளச் சொல்லி, சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுக்க வைத்தாள். "இந்தக் கட்டி வெடிச்சா சுவரே போச்சுங்க."

பாயின் முகம் சுண்டிவிட்டது. "இப்ப இன்னா பண்ணணும், சொல்லும்மா."

"மெதுவா ஊத்தணும், அவ்ளோதான். இவங்க இன்னாத்துக்கு இப்படி ஓடிக்கினு இருக்காங்க?"

பாய் அண்டாவைத் திரும்பிப் பார்த்தார். "கொளஞ்சி, எல்லாரையும் கூப்புடு. இலையப் போடு."

"வேல முடியலியே பாய்."

"துன்னுட்டு செய்யி."

அது பாயின் சொந்த மூளை. யாரும் இரவல் கொடுத்ததில்லை. சாப்பிட்டு எழுந்தவர்கள் ஆடி அசைந்து காங்கிரீட் சட்டியைத் தூக்கினார்கள்.

"வயிறு ரொம்பிடுச்சி பாய், கை ஓடல."

"ஓட வேணாம்டா. ஒன்ன யாரு ஓடச் சொன்னா?"

இருட்டுவதற்குள் கடைசிச் சுற்று முடிந்தது. ரம்யா மூலைக்கு மூலை தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். பாயும் பேகமும் பின்னாலேயே நடந்தார்கள். சமையலறைச் சுவரில்தான் அவள் வெகுநேரம் நின்றாள்.

"நேரா இருக்குங்க."

அப்போதுதான் பாய்க்குத் தான் இன்னும் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது.