பின்வேலியில் நின்ற கரடிநகம்

ஜெர்மனியில் நாங்கள் இருந்தது நாலாம் மாடியில். பல்கனியில் ஐந்தாறு பூச்சட்டிகள் வைத்திருந்தேன், அவ்வளவுதான் எனக்கிருந்த மண். "பிள்ளையளுக்கு இங்கிலிஷ் வேணும்" என்று என் கணவர் லண்டனுக்கு வர முடிவெடுத்தபோது நான் சம்மதிக்கவில்லை. சம்மதிக்காமலே பெட்டி கட்டினேன். ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் எனக்கு வேலை இருந்தது. கதைக்க நாலு பேர் இருந்தார்கள், அவர்களோடு கதைக்க ஒரு மொழியும் இருந்தது. இங்கே லண்டன் ரெய்னர்ஸ் லேனில் தமிழ்க் கடைகள், சொந்தக்காரர், கோயிலுக்குப் போக பஸ் எல்லாம் இருந்தன. "இனி உங்களுக்கென்ன, வந்து சேர்ந்திட்டியள்" என்றார்கள். என்னுடைய ஆங்கிலம் சாமான் வாங்கப் போதும், சண்டை பிடிக்கப் போதாது. அதனால் வீட்டோடு கிடந்தேன்.

வாங்கிய வீட்டில் எனக்குப் பிடித்த ஒரே இடம் பின்வளவு. நீண்டு போகும் வளவு, கடைசியில் மரவேலி, வேலிக்கு அப்பால் ஒரு சின்ன ஓடை. முன்பு இருந்தவர்கள் புல்லைக்கூட வெட்டவில்லை. நான் கொத்தித் துப்புரவாக்கி வெந்தயம் போட்டேன், தக்காளி நட்டேன். வேலியடியில் தானாக முளைத்திருந்த மூன்று செடிகளை மட்டும் பிடுங்க மனம் வரவில்லை. இலைகள் பப்பாளி இலை மாதிரி வெட்டுவெட்டாக, அதைவிடப் பெரிதாக இருந்தன. தக்காளிக்கு ஊற்றும்போது அவற்றுக்கும் ஒரு வாளி ஊற்றினேன்.

அடுத்த வருசம் அவை என்னைவிட உயர்ந்துவிட்டன. தண்டு மணிக்கட்டுத் தடிப்பு, அதில் ஊதாப் புள்ளிகள், முள்ளு முள்ளாக மயிர். ஜூன் மாதம் உச்சியில் வெள்ளைப் பூ விரிந்தது. வெட்டாமல் விட்ட கொத்தமல்லி பூத்து நிற்குமே, அதே பூதான், ஆனால் ஒரு குடை அளவுக்கு. பக்கத்து வீட்டுக் குஜராத்தி அம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "எவ்வளவு அழகு! எனக்கும் விதை தருவீர்களா?" என்று கேட்டார். லண்டனுக்கு வந்து என்னிடம் ஒருவர் கேட்ட முதல் பொருள் அது. "தருவேன், தருவேன்" என்று தலையாட்டினேன்.

தக்காளிக்கு வெயில் படவில்லை என்றுதான் மூன்றில் ஒன்றை வெட்டினேன். நல்ல வெயில் நாள். கையில்லாத வீட்டுச் சட்டை. குசினிக் கத்தியால் தண்டை அறுத்தபோது உள்ளே குழாய் மாதிரி வெறுமையாக இருந்தது, தண்ணீர் போல ஏதோ வடிந்தது. துண்டுகளை இரண்டு கைகளிலும் அணைத்துத் தூக்கிக்கொண்டுபோய் மூலையில் போட்டேன். பிறகு படியில் இருந்து, வெயில் காய்ந்தபடி தேத்தண்ணி குடித்தேன். ஒரு எரிவும் இல்லை.

மறுநாள் கைகள் சிவந்தன. அதற்கடுத்த காலை, முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டுவரை கொப்புளங்கள். தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. கணவர் பார்த்துவிட்டு, "எண்ணெய் கொட்டினனீரோ?" என்று கேட்டார். டாக்டர் கேட்ட கேள்வி வேறு: "தோட்டத்தில் எதையாவது வெட்டினீர்களா?" போனில் இருந்த பூவின் படத்தைக் காட்டினேன். கதிரையைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டு, "ஜயண்ட் ஹொக்வீட்" என்றார்.

அந்தப் பெயர் எனக்குப் பிடிபடவில்லை. பஸ்ஸில் வரும்போது ஜெர்மன் மொழியில் தேடிப் பார்த்தேன். பேரன்க்ளவ். கரடிநகம். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நடக்கப் போன ஆற்றங்கரையில் இதே பெயர் போட்டு, "தொடாதீர்கள்" என்று பலகை நட்டிருந்தார்கள். அதன் சாறும் வெயிலும் தோலில் சேர்ந்தால் நெருப்பு. எத்தனையோ தரம் அந்தப் பலகையை வாசித்துக்கொண்டு போயிருக்கிறேன். செடியைத்தான் ஒருநாளும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெயில் படக்கூடாது என்றார் டாக்டர். கண்ணாடி வழியாக வருகிற வெளிச்சமும் கூடாது என்று நானே முடிவு செய்தேன், அவ்வளவு பயம். அந்த ஜூலை முழுவதும் மேல் அறையில் திரைச்சீலையை இழுத்துவிட்டு இருந்தேன். கைகள் மருந்துச் சீலைக்குள். சமையல் பிள்ளைகள் பார்த்தார்கள். திரையின் விளிம்பை விலக்கினால் வேலியடியில் மிச்ச இரண்டும் தெரியும். பூ உதிர்ந்து பச்சை விதை கட்டத் தொடங்கியிருந்தது. ஒரு குடையில் ஆயிரக்கணக்கில் விதை இருக்குமாம். காய்ந்து விழுந்தால் ஓடைக்குப் போகும், பக்கத்து வீட்டுக்குப் போகும். நான் வளர்த்தது அங்கே நின்றது. நான் உள்ளே இருந்தேன்.

என் கணவருக்குக் குடோனில் ஷிப்ட் வேலை. ஒரு லீவு நாள் மத்தியானம் பின்வளவில் மெஷின் சத்தம் கேட்டது. திரையை விலக்கினேன். பனியனும் அரைக் காற்சட்டையுமாக, புல்லு வெட்டும் மெஷினோடு அவர் புல்லை வெட்டிக்கொண்டே வேலியடிக்குப் போய்க்கொண்டிருந்தார். கத்திச் சொல்லப் பார்த்தேன். அந்த ஜன்னல் மேலே ஒரு சாண்தான் திறக்கும்.

"இஞ்சாருங்கோ! அதைத் தொடாதேங்கோ! இஞ்சாருங்கோ!"

காதில் பாட்டு மாட்டியிருந்தார். கேட்கவில்லை. படியிறங்கி ஓடினேன். பின்கதவு திறந்து கிடந்தது, வாசற்படியில் வெயில் கொதித்தது. கால் எடுத்து வைக்க என்னால் முடியவில்லை. தோல் தானாகப் பின்வாங்கியது. அப்போதுதான் குசினி ஜன்னலால் உள்ளே வந்திருந்த மஞ்சள் வயரைக் கண்டேன். பிளக்கைப் பிடுங்கினேன்.

மெஷின் நின்றது. மெஷினைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, காதில் இருந்ததைக் கழற்றி, "கரண்ட் போயிட்டுதோ?" என்று கத்தினார்.

"நான்தான் நிப்பாட்டினனான். அசையாதேங்கோ. எதிலயும் கையைத் துடைக்காமல் உள்ளுக்கு வாங்கோ."

"உமக்காகத்தானே வெட்டப் போனனான்!"

"தெரியும். வாங்கோ."

ஒரேயொரு இலையில்தான் மெஷின் பட்டிருந்தது. சவுக்காரம் போட்டுக் கழுவ வைத்து, இரண்டு நாள் லீவு போட வைத்து, என்னோடு அந்த இருட்டறையில் இருத்தினேன். காலில் நாலைந்து கொப்புளத்தோடு தப்பினார். ஆனால் இரண்டாம் நாள் பின்னேரம் எழும்பி உலாவினார், இருந்தார், திரும்ப எழும்பினார்.

"இதுக்குள்ளயோ நீர் இவ்வளவு நாளும் இருந்தனீர்?"

"உந்தச் செடியை வெட்ட முன்னமும் இதுக்குள்ளதான் இருந்தனான்" என்றேன்.

அவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்த நாளிலிருந்து சொல்லாமல் வைத்திருந்தது இவ்வளவு சின்ன வசனமாக வெளியே வரும் என்று நான் நினைக்கவில்லை.

மழை பிடித்த ஒருநாள் இரண்டு பேருமாக இறங்கினோம். மழைக்கோட்டு, முழங்கைவரை ரப்பர் கையுறை, பிள்ளைகளின் நீச்சல் கண்ணாடி. அவர் முதலில் விதைக்குடைகளுக்குப் பைகளைக் கவிழ்த்துக் கட்டினார், பிறகு நான் தண்டை மெல்ல அறுத்தேன். தண்டை மட்டும் வெட்டினால் அடியிலிருந்து திரும்பத் துளிர்க்கும். முன்பு நான் வெட்டியது அதற்குள் துளிர்த்திருந்தது. மண்வெட்டியைச் சரித்து இறக்கி வேரை நிலத்துக்குக் கீழே துண்டித்தோம். இதையெல்லாம் வீட்டுக் குப்பையில் போடக்கூடாது என்று கவுன்சிலில் சொன்னதால், இதற்கென்று அனுமதி வைத்திருந்த ஒருவரின் வான் வந்து பைகளை ஏற்றிக்கொண்டு போனது.

குஜராத்தி அம்மாவிடம் விதை இல்லை என்று சொல்ல எனக்கு ஆங்கிலம் வரவில்லை. கைச்சீலையை அவிழ்த்துக் காட்டினேன். "நோ சீட்" என்றேன். "ஃபயர்" என்றேன். அவர் என் கையைத் தொடாமல் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்தக் குளிர்காலம் ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கணவர் தானாகவே கேட்டார்: "ஜெர்மனிக்குத் திரும்பிப் போவமோ? வீட்டைக் குடுத்திட்டு?"

எத்தனை நாள் காத்திருந்த கேள்வி. "ஓம்" என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். அதற்குள் வேலியடி கண்ணுக்குள் வந்தது. எங்களுக்கு முன்னமே விழுந்திருந்த விதை மண்ணுக்குள் வருசக் கணக்கில் உயிரோடு கிடக்கும். கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் இந்த வீட்டை வாங்கினால்?

"ஏலாது" என்றேன். "உந்தச் செடியை முடிக்காமல் ஏலாது."

அவர் தட்டைப் பார்த்தபடி தலையாட்டினார். எனக்கு அழுகையாக வந்தது. கதவைத் திறந்துவிட்டார்கள், நானே போய்ச் சாத்தினேன்.

வசந்தந்தோறும் மப்பான நாளாகப் பார்த்து, முழுக்கைச் சட்டையோடு வேலியடியில் குந்தியிருந்து முளைகளைக் கிண்டினேன். முதல் வருசம் ஒரு சின்ன வாளி நிறைய. குஜராத்தி அம்மாவின் பக்கமும் சில முளைத்திருந்தன. அவர் தன் பக்கம் கிண்ட, நான் என் பக்கம் கிண்டினேன். இடையில் அவர் தேத்தண்ணி நீட்டுவார். அப்படித்தான் எனக்கு ஆங்கிலம் வந்தது. ஒவ்வொரு வருசமும் முளை குறைந்தது. கையில் கொப்புளங்கள் விட்டுப்போன கறுப்பு மங்கியது, முழுதாகப் போகவில்லை. வெயில் கொஞ்சம் கூடினால் இன்னும் குத்தும்.

இந்த வசந்தத்தில் ஒன்றும் முளைக்கவில்லை. இரண்டு மூன்று தரம் போய்ப் பார்த்தேன். கணவரிடம் சொன்னேன். "அப்ப, வீட்டைக் குடுப்பமோ?" என்று கேட்டார். பகிடி பண்ணுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன், இல்லை. மகள் இங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். மகனுக்கு ஜெர்மன் மறந்துபோயிற்று. முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்தவர்களில் ஒருத்திகூட இப்போது அங்கே இல்லை.

"இன்னும் ஒரு வருசம் பாப்பம்" என்றேன். அவர் சரியென்று ஷிப்டுக்குப் போனார். நான் கையுறையை மாட்டிக்கொண்டு, வெயில் ஏறமுன் வெந்தயத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன்.