எஸ்தர் மேடம் தேய்த்த இரும்பு

கைப்பேசியில் பழைய மாணவன் பிரகாஷின் பெயரைப் பார்த்ததும் அவனுடைய தொழிற்சாலைக்குள் போக அனுமதி கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்கு எதிரே, மெட்ரோ வேலைக்கு வைத்த தடுப்புகளை ஒட்டி நின்றிருந்தேன். ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "என்னப்பா, எப்ப வரச் சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"அது கெடச்சுடுச்சு சார். வியாழக்கெழம வரச் சொன்னாங்க. அதச் சொல்லத்தான் மேடத்துக்குப் போன் அட்ச்சேன். அவங்க தம்பி எடுத்தாரு. மேடம் காத்தாலயே போய்ட்டாங்க சார். நெஞ்சு வலியாம்."

எஸ்தர் மேடத்திடம் படித்தவர்களுக்கும் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எங்கள் பொறியியல் கல்லூரியில் அவர் மெட்டீரியல்ஸ் சயின்ஸ் நடத்தினார், நான் உற்பத்திப் பொறியியல். நான் ஓய்வு பெறும் வரை எங்கள் மேசைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அவருடைய அப்பா நாசரேத் பக்கத்திலிருந்து பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்த எஸ்தருக்குக் கோபம் வந்தால் மட்டும் வாயில் அப்பா ஊரின் "ஏல" வரும்.

ஒரே எஃகு, ஆற வைக்கும் வேகத்துக்கு ஏற்ப எப்படி வேறு வேறு குணம் கொள்கிறது என்பது மாணவர்களுக்கு எளிதில் பிடிபடாத பாடம். நான் கரும்பலகையில் வரைபடம் போட்டு அலுத்துப்போவேன். அவர் ஒரு கையில் கல்கண்டும் மறு கையில் பொடிச் சர்க்கரையுமாக வகுப்புக்குப் போவார். "ரெண்டும் ஒரே பாகுதான். பொறுமையா விட்டா இது, அவசரப்பட்டா அது. இரும்பும் இப்படித்தான்." வகுப்பு முடிவதற்குள் பாடத்தைப் பையன்கள் தின்று தீர்த்திருப்பார்கள்.

ஆய்வுக்கூடத்தில்தான் அவருடைய உண்மையான வகுப்பு. இரும்பின் உள்ளமைப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டுமானால் ஒரு துண்டைக் கண்ணாடி போல மினுக்க வேண்டும். முரட்டு உப்புத்தாளில் தொடங்கி மென்மையான தாள் வரை போக வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் துண்டைக் குறுக்காகத் திருப்பி, முந்தைய கீறல்கள் எல்லாம் போன பிறகே அடுத்த தாளைத் தொட வேண்டும். இந்த பிரகாஷ் அப்போது பாரிவாக்கத்திலிருந்து சைக்கிளில் வரும் மாணவன். "இன்னா மேடம், வந்ததுலேர்ந்து தேச்சிகினே கீறேன், கையே கழண்டுடும் போல கீது" என்றான். "தோசக்கல்லு தேய்க்கிற மாதிரி சுத்திச் சுத்தித் தேய்ச்சா கழலத்தான் செய்யும். ஒரே பக்கமா தேய் ராசா" என்றார் அவர்.

பிரகாஷ் இரண்டு தாள்களைத் தாண்டிக் குதித்துவிட்டு நுண்ணோக்கியில் கண்ணை வைத்தான். "மேடம், பெர்லைட் தெரியுது மேடம்! கோடு கோடா சூப்பரா கீது!" பெர்லைட் என்பது எஃகின் உள்ளே வரிவரியாகத் தெரியும் அமைப்பு. எஸ்தர் குனிந்து பார்த்தார். "ஏல, அது பெர்லைட் இல்ல. ஒன் அவசரம்." அவன் பார்த்தது முரட்டுத் தாளின் கீறல்கள். அதற்குள் அவன் பென்சிலால் படமும் வரைந்து முடித்திருந்தான். அதற்குப் பின் வந்த மாணவர்களுக்கெல்லாம் கீறலின் பெயர் 'பிரகாஷ் பெர்லைட்' ஆனது.

நான் ஓய்வு பெற்ற பிறகு, இயந்திரவியல் பிரிவில் சேர ஆள் இல்லை என்று ஆய்வுக்கூடத்தைக் கணினிக்கூடம் ஆக்கினார்கள். நுண்ணோக்கி இருக்கும் ஒரு மூலையையாவது விட்டுவைக்கும்படி அவர் முதல்வரிடம் போய்ப் போய்க் கேட்டார். "மேடம், மொதல்ல காலேஜ் நடக்கணும்ல?" என்றாராம் முதல்வர். அதற்கு என்ன பதில் சொல்வது என்று எஸ்தர் என்னைக் கேட்டார்.

கம்பிகளை இழுத்து அறுத்துப் பார்க்கும் பெரிய சோதனை இயந்திரம் வாசலில் நுழையவில்லை. பழைய இரும்புக்காரர்கள் கேஸ் தீச்சுடர் வைத்து அதைத் துண்டு போட்டார்கள். எஸ்தர் கூப்பிட்டதால் நானும் போய் நின்றேன். "எல்லாத்தையும் ஒடச்சுப் பாத்த மெஷின் சார். அத ஒடைக்கிறாங்க" என்றவர், வெட்டுபவரிடம் போய் அதன் தூணில் ஒரு துண்டு கேட்டார். "கேஸ் படாத எடத்துல, ரம்பத்தால அறுத்துக் குடுங்கண்ணே."

"இரும்புதானம்மா, எங்க அறுத்தா இன்னா?"

"சூடு பட்ட எடத்துல அது பழைய இரும்பா இருக்காதுண்ணே."

ஆய்வுக்கூடம் போன பின் அவருக்கு வேறு ஏதோ ஒரு பாடம் கொடுத்தார்கள். சில மாதங்களில் வேலையை விட்டார். கோவில்பதாகையில் தனியாக இருந்த அவரை நான் பார்க்கப் போகும்போதெல்லாம் அந்தத் துண்டைத் தேய்த்துக்கொண்டிருப்பார். கண்ணாடிப் பலகை மேல் உப்புத்தாள், பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர். "இத்தன வருஷமா மத்த இரும்புக்குள்ளதான் பாத்தோம் சார். இது எப்படி இருக்குன்னு பாக்கவே இல்லியே. ஒரே ஒரு தடவ பாத்துட்டாப் போதும்." பார்க்க நுண்ணோக்கி இல்லை. நான் தெரிந்த கல்லூரிகளில் கேட்டேன். எல்லா இடத்திலும் பூட்டிய அறையைக் காட்டினார்கள். கடைசியில் பிரகாஷ், தான் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்யும் அம்பத்தூர்த் தொழிற்சாலையில் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னான். அந்த வியாழக்கிழமை வந்தபோது அவருடைய அடக்கம் முடிந்திருந்தது.

வீட்டைப் பூட்டிவிட்டுப் போன தம்பி, சில வாரம் கழித்து வந்து சாமான்களை ஒழித்தபோது என்னை அழைத்துத் துண்டைக் கையில் கொடுத்தார். அது மேசை மேல் திறந்தபடி கிடந்திருக்கிறது. எஸ்தர் இருந்திருந்தால் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு டப்பாவில் மூடி வைத்திருப்பார். மினுக்கிய இரும்பைச் சென்னைக் காற்று விடாது. துண்டின் முகம் முழுக்கத் துரு.

பிரகாஷ் வந்து பார்த்தான். "குட்த்துடுங்க சார். நான் தேச்சிக் கொண்டுபோய்ப் பாக்கறேன். மேடத்துக்காவ." சொல்லிவிட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தேய்த்தால் துருவோடு அவர் தேய்த்ததும் போய்விடும் என்பது அவனுக்கும் தெரியும். அந்தப் பாடத்தை அவனுக்கு நடத்தியவரே அவர்தான். மெல்ல மேசை மேல் வைத்துவிட்டான்.

அவரிடமிருந்து எனக்கு இருப்பது இந்த இரும்பு ஒன்றுதான். அதற்குள் எப்படி இருக்கிறது என்று அவரும் பார்க்கவில்லை. இனி நானும் பார்க்கப் போவதில்லை.