போடாத ஃபில்டர்

பட்டறையில் அவளுக்கு நட்டக்கா என்று பெயர். சட்டைப் பையில் எப்போதும் நாலைந்து நட்டுகள் கிடந்து கிலுகிலுக்கும். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். சொந்தப் பெயரை வருகைப் பதிவேட்டில்தான் பார்க்க வேண்டும். பதினெட்டு வருஷமாக மோட்டார் சைக்கிள்களோடு மல்லுக்கட்டுகிறாள். வயது நாற்பத்தாறு. காலையில் கண் விழித்ததும் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்ப்பாள். அவை சொன்னபடி கேட்ட பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பாள்.

அந்தத் திங்கட்கிழமை, கடை திறந்த கையோடு நீச்சல் பயிற்சியாளர் தன்னுடைய நீல நிற ஸ்போர்ட்ஸ் பைக்கைக் கொண்டுவந்து நிறுத்தினார். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். முறுக்கினால் வண்டி திணறுகிறது, இழுக்கவே மாட்டேன் என்கிறது என்றார். சனிக்கிழமை மகளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஒரு லாரியை முந்தப் போயிருக்கிறார். பாதி வழியில் வேகம் செத்துவிட்டது. எதிரே பேருந்து. எப்படியோ பிரேக்கைப் பிடித்து, லாரிக்குப் பின்னால் ஒடுங்கித் தப்பியிருக்கிறார். மகள் தன் அம்மாவோடு வேறு ஊரில் இருக்கிறாள். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அவர் கணக்கில். இதையெல்லாம் ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டே, யாருக்கோ நடந்ததுபோலச் சொல்லிவிட்டு வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

நட்டக்கா சீட்டைக் கழற்றினாள். பெட்ரோல் டேங்கின் முன்பக்கத்துப் போல்ட்டுகளை எடுத்து, இடுப்பில் சுரீரென்று ஒரு வலி வெட்ட, அதைத் தூக்கிக் கட்டை கொடுத்து நிறுத்தினாள். அடியில் கறுப்புப் பெட்டி. ஏழு திருகுகள். மூடியைத் திறந்ததும் முகம் சுளித்தாள். உள்ளே, எஞ்சினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் ஃபில்டர் மடிப்பு தெரியாமல் தூசி அப்பிப்போயிருந்தது. சருகும் பூச்சிச் சிறகும் வேறு. எந்தப் புண்ணியவான் போன தடவை இதைப் பார்த்தான் என்று முணுமுணுத்தபடி வண்டியின் பழைய வேலைச் சீட்டைத் தேடி எடுத்தாள்.

‘ஏர் ஃபில்டர் மாற்றப்பட்டது’ என்ற வரிக்கு நேராக ஒரு டிக். கீழே அவளுடைய கையெழுத்து.

எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி. கணவருக்குக் காலில் ஆபரேஷன் ஆகியிருந்த வாரம். ஆஸ்பத்திரி, வீடு, பட்டறை என்று மாறி மாறி ஓடியதில் நின்றுகொண்டே தூங்கிய நாட்கள். அன்று மட்டும் பதினோரு வண்டி. கடைசியில் இதன் முறை வந்தபோது டேங்கைத் தூக்க உடம்பில் தெம்பில்லை. அடுத்த சர்வீஸில் போட்டுக்கொள்ளலாம் என்று டிக் போட்டுவிட்டுப் புது ஃபில்டரை அலமாரியிலேயே திருப்பி வைத்தாள். மறுநாள் அது நினைவிலேயே இல்லை.

முக்காலியில் உட்கார்ந்தாள். மேற்பார்வையாளர் போனில் இருந்தார். மற்றவர்கள் அவரவர் வண்டிக்குள் தலையை விட்டிருந்தார்கள். புதுசைப் போட்டு மூடினால் விஷயம் முடிந்தது. அந்தப் பிள்ளை அப்பாவின் இடுப்பை எப்படிப் பிடித்திருக்கும் என்ற நினைப்புதான் குறுக்கே வந்து நின்றது. எழுந்து போய்ப் பயிற்சியாளரைக் கூப்பிட்டாள். ஃபில்டரையும் வேலைச் சீட்டையும் அவர் கையில் கொடுத்து நடந்ததைச் சொன்னாள். ஆபரேஷன் கதையைச் சொல்லவில்லை.

அவர் அந்த டிக்கைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“எங்கிட்ட சொல்லாமலே மூடியிருக்கலாமே?”

“மூடியிருக்கலாம் சார். ஒரு தடவை அப்படிச் சொல்லாம விட்டதுதான் இது.”

அவர் பெஞ்சுக்குத் திரும்பவில்லை. பக்கத்திலேயே நின்றார். அவள் எஞ்சினுக்குப் போகும் வாய்களில் தூசி விழாமல் துணியை அடைத்துவிட்டுப் பெட்டியைத் துடைத்தாள். பிறகு துணியை எடுத்து, புது ஃபில்டரின் ரப்பர் விளிம்பு சுற்றிலும் படிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு திருகு கோணலாக ஏறியது. கழற்றி மறுபடி போட்டாள். அவர் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, இப்போது நன்றாக இழுக்கிறது என்றார். அப்புறம் தயங்கி, “இனிமே வேற இடத்துல பாத்துக்கறேன். தப்பா நினைக்காதீங்க” என்றார். அவள் தலையாட்டினாள். அதன் பிறகு அந்த வண்டி அங்கே வரவில்லை.

மேற்பார்வையாளரிடமும் அவளே போய்ச் சொன்னாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். இனி மூன்று மாதத்துக்கு, வேலை முடிந்த வண்டிகளுக்கு அவள் கையெழுத்துப் போடக் கூடாது, இன்னொருவர் பார்த்த பிறகே வெளியே போகும் என்றார். அது நியாயம்தான் என்று அவளுக்கும் பட்டது.

“ஏன்க்கா, முடியலைன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா யாரு செஞ்சிருப்பா?”

அவள் அங்கேயே நின்று நாலு நாள் லீவு கேட்டாள். பதினெட்டு வருஷத்தில் தனக்கென்று கேட்ட முதல் லீவு.

சாயங்காலம் வீட்டில் கணவர், ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, முழுக் கதையையும் கேட்டார். தன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பயிற்சியாளர் மகளுக்கு என்ன வயசாம் என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றாள். சோற்றைப் போட்டுக் கொண்டுவந்து வைத்தார்; பாதித் தட்டிலேயே அவளுக்குக் கண் சொருகியது.

முதல் இரண்டு நாளும் தூங்கியே கழிந்தது. ஐந்தாம் நாள் பட்டறைக்குப் போனவள், உடுப்பு மாற்றுவதற்கு முன்பே மேற்பார்வையாளரிடம், ஒரு நாளைக்கு ஆறு வண்டிக்கு மேல் தன்னால் ஆகாது என்றாள். அவர் ஒன்பது என்றார். இழுபறிக்குப் பிறகு ஏழு என்று முடிவானது.