"செய்யலாம்" என்றால் என்ன அர்த்தம்?

வார்டு அலுவலகத்தின் நாலாம் நம்பர் ஜன்னலில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்தார் என்று அந்த அம்மாவைப் பற்றிப் பல்கலைக்கழக அறிவிப்பில் எழுதியிருக்கிறார்கள். பொய். பாதி நாள் அந்த நாற்காலி காலியாகத்தான் கிடக்கும்.

வசிப்பிடச் சான்று தருவது அவர் வேலை. கேட்டு வருகிறவர்களிடம் வாடகைப் பத்திரமோ, கரண்ட் பில்லோ, வீட்டு எண்ணோ இல்லையென்றால் "ஆதாரமில்லை, திருப்பி அனுப்புக" என்ற ரப்பர் முத்திரையைக் குத்த வேண்டும். அவர் மேஜையில் அந்த முத்திரை மை படாமலே கிடந்தது. பத்திரம் இல்லாத மனு வந்தால் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அடுப்பில் சூடு இருக்கிறதா, கொடியில் யார் துணி காய்கிறது, பக்கத்து வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பார். திரும்பி வந்து சான்றின் ஓரத்தில் எழுதுவார்: "நேரில் பார்த்தேன். இருக்கிறார்கள்." கீழே கையெழுத்து, தேதி.

அதனால் ஆபீஸில் அவருக்கு "நேர்லக்கா" என்று பெயர். கேலிக்கு வைத்தது. ஜன்னலுக்கு வெளியே நின்ற ஜனங்கள் அதையே மரியாதையாக்கிக்கொண்டார்கள்.

அவருக்கு மேலே ஒரு கண்காணிப்பாளர் இருந்தார். எங்கள் ஊழியர் சங்கத்தில் அவரை "மெமோ" என்போம். வாயைத் திறந்தால் விளக்கம் கேட்டு ஒரு மெமோதான்.

"யாரைக் கேட்டும்மா வெளிய போனீங்க?"

"விதியைக் கேட்டுத்தான் சார். பதினோராம் விதி. 'தேவைப்பட்டால் அலுவலர் நேரில் ஆய்வு செய்யலாம்'னு இருக்குதே."

"செய்யலாம்னா செய்யணும்னு அர்த்தம் இல்ல."

"செய்யக்கூடாதுன்னும் அர்த்தம் இல்லீங்களே சார்."

இதற்கு ஒரு மெமோ. இந்த மாதிரி ஒன்பது. அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்களெல்லாம் பதவி உயர்வில் மாடிக்குப் போனார்கள். அவர் அதே ஜன்னலில் இருந்தார். ஆபீஸ் வாசலில் கோஷம் போடுவோம் என்று சங்கத்தில் முடிவெடுத்தபோது, "கோஷமெல்லாம் வேணாம் தம்பி, நல்லதா ஒரு செருப்பு வாங்கிக் குடுங்க, இது தேஞ்சுபோச்சு" என்றார்.

ஓய்வு பெற்று இரண்டே வருஷத்தில் போய்ச் சேர்ந்தார்.

இப்போது பல்கலைக்கழகம் அவர் பெயரில் உதவித்தொகை அறிவித்திருக்கிறது. விளிம்பில் வாழும் குடும்பத்துப் பிள்ளைகளுக்காம். தேர்வுக் குழுவின் தலைவர் யார்? மெமோ! ஓய்வுக்குப் பிறகு அங்கே ஆலோசகராக உட்கார்ந்திருக்கிறார். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவது என்பார்களே, இவர் தொட்டிலுக்குப் பெயிண்டும் அடித்திருக்கிறார்.

நேர்லக்காவின் வீட்டுக்காரர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குச் சந்தோஷம்தான். "அவ பேரு காலேஜ் சுவத்துல வருதுய்யா" என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. பம்ப் ஹவுஸுக்குப் பின்னால் தகரக் கூரை வீட்டில் இருக்கும் இஸ்திரிக்காரம்மா, மகளோடு அவரைத் தேடி வந்தார். மகளுக்குச் சிவில் இன்ஜினியரிங்கில் இடம் கிடைத்திருந்தது. உதவித்தொகை கிடைத்தால் படிப்பு. இல்லையென்றால் பத்து நாளில் அந்த இடம் வேறு யாருக்கோ. விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. காரணத்தைப் படியுங்கள்: "வீட்டு எண் இல்லை. நேரடி ஆய்வின் பேரில் தரப்பட்ட சான்று ஏற்கத்தக்கதல்ல."

அந்தச் சான்றின் ஓரத்தில், "நேரில் பார்த்தேன். இருக்கிறார்கள்." நேர்லக்காவின் கையெழுத்து.

அவர் பெயரில் உதவித்தொகை. அவர் கையெழுத்து செல்லாது!

மறுநாள் காலை வீட்டுக்காரர், அந்தப் பெண், நான் மூன்று பேரும் பல்கலைக்கழகத்துக்குப் போனோம். ஏ.சி. அறை. சுவரில் நேர்லக்காவின் பெரிய படம், இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் சாய்த்து வைத்திருந்தது. மெமோ எழுந்து நின்று வரவேற்றார்.

"வாங்க வாங்க. உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. பேரும் படமும் போட சம்மதக் கடிதம். இந்தாங்க, போட்டுட்டீங்கன்னா விழா அழைப்பிதழ் அடிச்சிரலாம்."

வீட்டுக்காரர் பேனாவைத் திறந்தார். கடிதத்தின் மேல் அந்தச் சான்றை வைத்தார். "இது யாரு கையெழுத்துன்னு தெரியுதா சார்?"

"தெரியாமலா? ஒன்பது வாட்டி விளக்கம் கேட்டிருக்கேன்" என்று மெமோ சிரிக்கப் பார்த்தார்.

"அப்புறம் ஏன் செல்லாது?"

"விதிமுறைங்க. வீட்டு எண் வேணும்ல?"

அந்தப் பெண் குறுக்கே வந்தாள். "நம்பர் குடுக்க வேண்டியது உங்க பழைய ஆபீஸ்தான் சார். குடுக்காதவங்களே வந்து எங்கடி நம்பர்னு கேட்டா நான் எங்க போவேன்?"

"கோவப்படாதம்மா. என் கையில ஒண்ணும் இல்ல."

"இருக்கே" என்றார் வீட்டுக்காரர். பையிலிருந்து உதவித்தொகையின் விதிமுறைத் தாளை எடுத்து விரித்தார். "ஏழாவது. 'தேவைப்பட்டால் குழு நேரில் ஆய்வு செய்யலாம்.'"

பழைய விதியிலிருந்து ஈயடிச்சான் காப்பி. குழுவில் ஒருத்தரும் படித்துப் பார்க்காமலே சேர்த்திருக்கிறார்கள்.

மெமோ வாய் திறந்தார். "செய்யலாம்னுதான் இருக்கு. செய்யலாம்னா செய்யணும்னு…" பாதியில் நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்காரர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"நானும் கையெழுத்து போடலாம் சார்" என்றார். "போடலாம்."

கிளம்பி வந்துவிட்டோம்.

நாலாம் நாள் பம்ப் ஹவுஸ் சந்துக்கு ஒரு கார் வந்தது. சந்துக்குள் கார் நுழையாது. இறங்கி நடந்தார்கள், மெமோ முன்னால். சாக்கடை ஓரமாக, கால்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. இஸ்திரிக்காரம்மா பெட்டியில் கரி விசிறிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். "என்ன சார், சட்டை கசங்கிருச்சா? கழட்டிக் குடுங்க, தேச்சுத் தரேன்."

அடுப்பைப் பார்த்தார்கள். கொடியைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டில் கேட்டார்கள். கடைசியில் விண்ணப்பத்தின் ஓரத்தில் மெமோ தன் கையாலேயே எழுதினார்: "நேரில் பார்த்தோம்." அந்தப் பெண்ணுக்கு இடம் நிலைத்தது. கல்லூரிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள்.

வீடு பார்த்த அன்று சாயங்காலமே சம்மதக் கடிதத்தோடு ஆள் வந்தான். வீட்டுக்காரர் வாசலிலேயே நிறுத்தினார்.

"இது மாதிரி எத்தனை திருப்பி அனுப்பிச்சீங்க?"

அவன் போன் போட்டுக் கேட்டான். "நாப்பத்தொண்ணு சார்."

"நாப்பத்தொண்ணு வீட்டையும் பாத்துட்டு வரச் சொல்லு. நான் எங்கயும் போகல, வீட்டுலதான் இருக்கேன்."

விழாவை இதுவரை இரண்டு தடவை தள்ளி வைத்துவிட்டார்கள். நான் இதை எழுதும்போது பதினாலு வீடு முடிந்திருக்கிறது. மெமோவுக்கு முட்டி வலியாம், வீட்டுக்காரரிடம் ஒத்தாசைக்குச் சங்கம் பேசக்கூடாதா என்று தூது விட்டிருக்கிறார். பேசலாம்.