பொலி சொல்லாத வருசங்கள்

என் குரல் பெண்பிள்ளைக்கு ஆகிற குரல் இல்லை என்று கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். வரிசை வீடுகளான லயத்து வாசலில் நின்று கூப்பிட்டால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் புல் அறுக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். விடியற்காலை வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு ஆள் கூட்டத் தப்பு அடிக்கத் தேவையில்லை, இவளை எழுப்பி விட்டால் போதும் என்று என் வீட்டுக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். எனக்குக் கோபம் வரும். ஆனாலும் அந்தக் குரலுக்கென்று தோட்டத்தில் ஒரு வேலை இருந்தது. அதை அவரும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது.

எங்கள் தேயிலைத் தோட்டம் டிக்கோயாவுக்கு மேலே இருந்தது. ஒரு மலையில் கொழுந்து எடுத்து முடித்து அடுத்த மலைக்குப் போனால், போனவுடன் செடியில் கை வைக்க மாட்டோம். கங்காணி காட்டிய செடி நிரையில் ஆளாளுக்குப் போய் நிற்போம். அவர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு பொலி சொல்லச் சொல்வார். ஒருத்தி முதலில் ‘பொலியோ பொலி’ என்று குரல் எடுப்பாள். மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து ‘பொலி பொலி’ என்று வாங்கிச் சொல்வார்கள். அப்படி மூன்று தடவை. அதற்குப் பிறகுதான் முதல் கொழுந்தைக் கிள்ளித் தோளுக்கு மேலாகக் கூடைக்குள் போடுவோம். கொழுந்து பெருக வேண்டும், கூடை நிறைய வேண்டும், மலையில் யாருக்கும் ஒன்றும் ஆகக்கூடாது என்பதற்காகச் சொல்வது அது. பல வருசம் அந்த முதல் குரல் என்னுடையதாக இருந்தது. யாரும் என்னை நியமிக்கவில்லை. தொண்டை இருந்தது, சொன்னேன்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்து சில வருசம் ஆகியிருந்தது. பங்களாவில் மட்டும் இன்னும் வெள்ளைக்காரத் துரைதான் இருந்தார். அந்த வருசத்து ஆடி மழையில் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. முதலில் கசாயம், பிறகு தோட்டத்து மருந்து, கடைசியில் கொழுந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். லொறியில் நான் அழ ஆரம்பித்தேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே என் கையைத் தட்டி, “சத்தம் போட்டு அழாத. டிரைவர் பயந்து லொறியக் கவுத்துருவான்” என்றார். அதுதான் அவர் என்னைச் செய்த கடைசிக் கேலி. இரண்டு நாளில் போய்விட்டார்.

செத்த வீட்டில் மற்றப் பெண்கள் கட்டிப் பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். என் தொண்டையில் இருந்து ஒன்றும் கிளம்பவில்லை. உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தேன். இத்தனை சத்தக்காரிக்குப் புருசன் செத்ததுக்கு ஒரு சத்தம் வரவில்லையே, கல்நெஞ்சுக்காரி என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. எனக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். பொட்டை அழித்தார்கள், தாலியை வாங்கினார்கள், கருமாதி முடிந்தது. பெரட்டுக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது என்பதால் மறுநாளே கூடையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

என் கெட்ட நேரம், அன்றைக்கு ஒரு புது மலை. பனி இறங்கி முன்னால் நிற்கிறவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. கங்காணி பொலி சொல்லுங்க என்றார். நான் யோசிக்கவே இல்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது. என் வீட்டுக்காரர் செத்துப்போனது என் தொண்டைக்கு இன்னும் தெரியவில்லை. ‘பொலியோ பொலி’ என்று எப்போதும் போலக் குரல் எடுத்துவிட்டேன்.

திரும்பி ஒன்றும் வரவில்லை. அத்தனை பெண்களில் ஒருத்தி வாய்கூட அசையவில்லை. அறுத்தவள் வாயால் பொலி வந்தால் அந்த மலை விளங்குமா என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். நானும் இன்னொருத்திக்கு அப்படி நினைத்திருக்கக்கூடியவள்தான். கங்காணி இருமினார். பிறகு தன் மருமகளைப் பார்த்து, நீ முதலில் இருந்து சொல்லும்மா என்றார். அவள் சொன்னாள். எல்லோரும் வாங்கிச் சொன்னார்கள். மூன்று நிரை தள்ளி நின்ற என் மகளும் சொன்னாள். எனக்குச் சொல்லாமல் குனிந்து இடுப்பில் சுற்றின படங்குச் சாக்கின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தவள், அவளுக்குச் சொன்னாள்.

சாயங்காலம் அடுப்படியில் மகள் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

“நீங்க ஏம்மா வாயத் தொறந்தீங்க?”

வந்த ஆத்திரத்துக்கு ரொட்டிச் சட்டியைத் தூக்கி எறிந்திருப்பேன். எறிந்தால் மறுநாள் ரொட்டி எதில் சுடுவது என்று விட்டுவிட்டேன். அன்றோடு வாயை மூடிக்கொண்டேன். பொலிக்கு மட்டும் இல்லை, பெரும்பாலும் எல்லாவற்றுக்கும்.

அவர்கள் என்னை ஒதுக்கிவைத்தார்கள் என்று சொன்னால் அது பொய். காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார்கள். விறகு ஈரமாகிவிட்டால் அவர்கள் விறகைத் தந்தார்கள். ஆனால் எனக்குக் கிடைத்த நிரை மெல்ல மெல்லத் தள்ளிப்போனது. ஒரு நாள் பார்த்தால் ஓடைப் பக்கத்துக் கடைசி நிரையில் நின்றுகொண்டிருந்தேன். கொழுந்து எடுக்கிறது என்றால் பாதி வேலை பேச்சுதான். மாமியார் கதை, நேற்று வந்த விருந்தாளி கதை, யார் யாரைப் பார்த்துச் சிரித்தார் என்கிற கதை, இதெல்லாம் நிரைக்கு நிரை தாவிப் போய்க்கொண்டே இருக்கும். கடைசி நிரை வரைக்கும் அது வராது. என் ஒரு பக்கம் ஓடை, மறுபக்கம் யாராவது ஒருத்தி. அவளும் பேச்சு கேட்கிற திசையில் வேகமாக எடுத்துக்கொண்டு முன்னால் போய்விடுவாள்.

அதனால் ஒன்று நடந்தது. என் கூடை எல்லோருடைய கூடையையும் விடக் கனத்தது. கொழுந்து நிறுக்கிற கொட்டகையான மடுவத்தில், மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு அய்யா மற்றவர்களிடம், இந்தப் பொம்பளையைப் பார்த்துப் படியுங்கள் என்பார். அவர்கள் என்னை முறைப்பார்கள். பேச ஆள் இல்லாதவளுக்குக் கைக்கு வேறு வேலை இல்லை, அவ்வளவுதான் விசயம். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்துவிடுவேன்.

மகளுக்கு நோர்வூட் பக்கத் தோட்டத்தில் மாப்பிள்ளை அமைந்தது. நல்ல பையன். கல்யாணத்தன்று நான் மணவறைப் பக்கம் போகவில்லை, பின்னால் பாத்திரம் கழுவுகிறவர்களோடு நின்றுகொண்டேன். அங்கே இருந்து தாலி கட்டுகிற மேளச் சத்தம் மட்டும் கேட்டது. அவள் போன பிறகு எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் நான் ஒருத்திதான்.

லயத்தில் தனிமை என்பது வேறு மாதிரி. பட்டணத்தில் தனி வீட்டில் இருந்தால் சத்தம் இருக்காதாம். இங்கே சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை அழும், இந்தப் பக்கம் புருசன் பெண்சாதி சண்டை போடுவார்கள், அப்புறம் சிரிப்பார்கள். எல்லாம் கேட்கும், ஒன்றும் நமக்கு இல்லை. மாவு பிசைய உட்கார்ந்தால் கை பழைய அளவுக்கே அள்ளும். மிஞ்சின ரொட்டியை மறுநாள் மத்தியானம் மலையில் தின்பேன். கம்பளியைப் போர்த்திக்கொண்டு பால் இல்லாத சாயத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, இன்று யாரோடு பேசினோம் என்று நினைத்துப் பார்ப்பேன். சில நாள் விடை கண்டாக்கு அய்யா மட்டும்தான். ஒரு தடவை பக்கத்துக் காம்பராவில் நெருப்பு கேட்கப்போய்க் கூப்பிட்டேன். கம்மிப்போன ஒரு குரல் வந்தது. என்னுடையது என்று எனக்கே பிடிபடவில்லை. அன்றைக்கு நிஜமாகவே பயந்துபோனேன்.

மகள் தீபாவளிக்கு வரும்போதெல்லாம் தங்களோடு வந்துவிடச் சொல்வாள். அவளுக்கு அன்பு இல்லாமல் இல்லை. ஆனால் அங்கேயும் ஒரு மூலைதான். புது இடத்து மூலையை விடப் பழகின மூலை மேல் என்று இருந்துவிட்டேன். மனதுக்குள் ஒரே ஒரு ஆசை இருந்தது, அதை அவளிடம் சொல்லவில்லை. இந்த மலையில், இந்தப் பெண்களிடம், ஒரு தடவையாவது நான் பொலி சொல்லி அவர்கள் அதை வாங்கிச் சொல்ல வேண்டும். நாற்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு இது ஒரு ஆசையா என்று கேட்டால், ஆமாம், அதுதான் ஆசை.

இப்படி இருக்கும்போது பொகவந்தலாவைப் பக்கத்தில் இருந்து ஒரு பெண் எங்கள் தோட்டத்துக்கு வந்தாள். அண்ணன் வீட்டில் வந்து ஒட்டிக்கொண்டவள். வேதக்காரி, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை போட்டிருப்பாள். என்னை விட ஐந்தாறு வயது இளையவள். அவள் புருசன் இந்தியாவுக்குப் போய் ஊரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கப்பல் ஏறினவர், ஊரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். கங்காணி அவளை என் பக்கத்து நிரையில் விட்டு, ரெண்டு பேரும் ஒண்ணுக்கொண்ணு துணையா இருங்க என்றார். குப்பையை ஒரே மூலையில் கூட்டி வைக்கிறார் என்று எனக்குப் பட்டது.

அவள் பேசினாள். ஐயோ, அப்படிப் பேசினாள். அண்ணி அரிசியை அளக்கிற விதம், பழைய தோட்டத்து அட்டைப்பூச்சிக்கும் இந்தத் தோட்டத்து அட்டைக்கும் உள்ள வித்தியாசம், புருசனின் குறட்டை, எல்லாம் என் காதில் கொட்டினாள். நான் ம் என்றுகூடச் சொல்லவில்லை. எனக்கு அவளைப் பிடிக்கவில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் அவள் வராத ஒரு நாள், மத்தியானத்துக்குள் பத்துத் தடவை அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்திருப்பேன். மறுநாள் வந்தவள் கையில் கொழுந்தோடு நின்று என்னை உற்றுப் பார்த்தாள்.

“ஏங்கக்கா, நீங்க ஊமை இல்லதானே?”

சிரித்துவிட்டேன். எத்தனை வருசத்துச் சிரிப்போ, அடக்கவே முடியவில்லை. மேல் நிரையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அன்றில் இருந்து அவள் பத்து வார்த்தை பேசினால் நான் ஒன்று பேசினேன். பிறகு இரண்டு. மத்தியானம் என் ரொட்டிக்கு அவள் சம்பல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு நேரே என் காம்பராவுக்கு வருவாள். பழைய அளவுக்கு அள்ளின மாவு அந்த நாளில் மிஞ்சவில்லை.

ஒரு நாள் பொலி விசயத்தை அவளிடம் சொன்னேன். மகளிடம் சொல்லாததைச் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் கோயிலில் கைம்பெண்கள்தான் நன்றாகப் பாடுகிறவர்கள், அவர்கள் பாடி யார் வீட்டுக் கூரை இடிந்தது என்று கேட்டாள். பேசாமல் எடு, கங்காணி வருகிறார் என்றேன்.

கவ்வாத்து வெட்டி மாதக்கணக்கில் கட்டையாகக் கிடந்த பெரிய மலை ஒன்று தளிர்த்து, முதல் கொழுந்துக்கு வந்தது. வெட்டின செடி தளிர்த்தது போல நானும் தளிர்த்தேன் என்று எழுத ஆசைதான். செடிக்கு உரம் போட்டார்கள், எனக்கு யார் போட்டது? அது கிடக்கட்டும். அப்படிப்பட்ட மலையில் பொலி சொல்லாமல் கை வைக்கவே மாட்டோம். கங்காணியின் மருமகளோ பிள்ளைப்பேற்றுக்காகத் தாய்வீடு போயிருந்தாள். கங்காணி சுற்றும் முற்றும் பார்த்தார். இளசுகள் வெட்கப்பட்டு ஒருத்தி பின்னால் ஒருத்தி ஒளிந்தார்கள். கடைசியில் அவர் கண் எங்கள் மூலைக்கு வந்தது. என்னைத் தாண்டி அவளிடம் நின்றது. உனக்குத்தான் புருசன் உயிரோடு இருக்கிறாரே, நீ சொல்லு என்றார்.

அவள் கூடைக் கயிற்றை நெற்றியில் சரிசெய்துகொண்டு நிதானமாகச் சொன்னாள்.

“அந்த ஆளு எங்க இருக்காருன்னே எனக்குத் தெரியாதுங்க. அக்கா வீட்டுக்காரராவது சாகற மட்டும் கூட இருந்தாரு. அக்கா சொல்லட்டும், நான் வாங்கிச் சொல்றேன்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கங்காணி வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சொல்லு என்றும் சொல்லவில்லை. இன்னொரு தடவை நான் குரல் எடுத்து ஒன்றும் திரும்பி வராமல் போனால், அன்று சாயங்காலமே துணியைக் கட்டிக்கொண்டு நோர்வூட்டுக்குப் போய் மகள் வீட்டு மூலையில் விழ வேண்டியதுதான். அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டே வாயைத் திறந்தேன்.

முதல் தடவை குரல் பாதியில் உடைந்தது. அவள் ஒருத்திதான் ‘பொலி பொலி’ என்றாள். அவளுக்குக் குரலே கிடையாது, பேச்சுதான். இரண்டாம் தடவை கொஞ்சம் தெளிந்து வந்தது. மேலே இருந்து இளசுகள் இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். மூன்றாம் தடவை என் பழைய குரல் வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய் முட்டித் திரும்பியது. அதற்கு எல்லோரும் வாங்கிச் சொன்னார்களா என்று எனக்குத் தெரியாது. நிறையப் பேர் சொன்னார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்து, யார் வாய் மூடியிருந்தது என்று தெரிந்துவிட்டால் அதையே நினைத்துக்கொண்டு கிடப்பேன், என் குணம் எனக்குத் தெரியும். கிள்ளிக் கூடையில் போட்டேன். சரி சரி, கைய வைங்க என்று கங்காணி எல்லோரையும் விரட்டினார்.

சாயங்காலம் மடுவத்தில் என் கூடையைத் தராசில் மாட்டிய கண்டாக்கு அய்யா முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி முள்ளைப் பார்த்தார். என்ன இவ்வளவு குறைச்சல், உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டார்.

“பேசிக்கிட்டே எடுத்துட்டேங்க” என்றேன்.

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவர் என்னைத் திட்டினார். அத்தனை வருசத்தில் அதுதான் அவரிடம் நான் வாங்கிய முதல் திட்டு. தலையைக் குனிந்துகொண்டேன், சந்தோசம் முகத்தில் தெரிந்துவிடுமே என்று.

வீட்டுக்கு வந்தால் அதே காம்பரா, அதே இருட்டு, அடுப்புக்கு முன்னால் நான் ஒருத்தி. கத்தினதிலும் பேசினதிலும் தொண்டை கட்டியிருந்தது. உப்புத் தண்ணீர் காய்ச்சிக் கொப்பளித்தேன். அவர் இருந்திருந்தால் இதற்கு என்ன கேலி செய்திருப்பார் என்று நினைத்தேன். நினைத்ததும் அந்த லொறி ஞாபகம் வந்தது. அவர் போனதற்கு நான் அன்றைக்குத்தான் சத்தம் போட்டு அழுதேன். சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றது. கேட்டால் கேட்கட்டும் என்று அழுதேன்.