வாழைக்குலைகளுக்கு நடுவே ஒரு பிறஷர் மெசின்

இப்போது நான் எழுதப்போவதை ஒருவரும் நம்பமாட்டீர்கள். எட்டுத் திசையையும் கும்பிட்டுச் சத்தியம் செய்துதான் தொடங்குகிறேன், அப்படியும் நம்பமாட்டீர்கள்.

போன தை மாதம் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போனேன். ஊர் பார்க்க அல்ல. என் பள்ளித் தோழன் குணம் நீர்வேலியில் வாழை செய்கிறவன். தலை சுற்றித் தோட்டத்திலேயே விழுந்து, எழும்பி மண்ணைத் தட்டிவிட்டு, மறுபடி தண்ணீர் கட்டினானாம். அவன் மனைவி போனில் அழுதாள். "கிளினிக்குக்கு ஏலாதாம் அண்ணை. இவற்றை தகப்பனும் உப்பிடி விழுந்துதான் எழும்பேல்லை. நீங்கள் வந்து கதையுங்கோ."

புதன்கிழமை காலை ஆறரைக்கு யாழ் பஸ் நிலையத்தில் ஏறினேன். நீர்வேலி ஏறக்குறைய ஒன்பது கிலோமீற்றர், அரை மணி நேரம், எழுபது ரூபா. ஒற்றைக் காலில் நின்றேன். மற்றக் கால் யாரிடம் இருந்தது என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கண்டக்டர் அசரவில்லை. "உள்ளுக்கை போங்கோ அண்ணை, உள்ளுக்கை ஒரு கலியாண மண்டபமே கிடக்கு."

கோப்பாய் தாண்டிச் செம்மண் தெரிந்ததும் எனக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஊசி போட மிசி வருகிறா என்றால் குணம் மூக்காலேயே கண்டுபிடிப்பான். இருவரும் மதில் பாய்ந்து, ஒரே சைக்கிளில் கீரிமலைக்கு ஓடி, கேணியில் விழுந்து கிடப்போம். மிசி போய்விட்டா என்ற செய்தி வரும்வரை ஏறமாட்டோம். ஒருதடவை ஒன்பது நாள் தண்ணீருக்குள் இருந்தோம். செதில் முளைக்கத் தொடங்கியதால்தான் திரும்பினோம். அந்த நாளில் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு சைக்கிளில் போவதே எனக்குப் போதுமாக இருந்தது.

என் தங்கையின் மகள் சுகந்திதான் இன்று அந்தப் பகுதியின் பொதுச் சுகாதாரத் தாதி. ஊருக்கு மிசி, எனக்கு மருமகள். அவளுடைய கிளினிக்கில் கதிரை நிறையப் பெண்கள். ஆண் வாடையே இல்லை. ஏன் என்று இரண்டு கிழமை வீடு வீடாகக் கேட்டுத் திரிந்திருக்கிறாள்.

"கிளினிக் புதன் காலமை. குலை வெட்டிக் கொண்டுபோறதும் புதன் காலமை. அவையள் வராமல் விடேல்லை மாமா. நாங்கள்தான் அவையள் இல்லாத இடத்திலை மேசை போட்டிருக்கிறம்."

அதனால் நான் போய் இறங்கிய அன்று மேசையையும் இரத்த அழுத்தம் பார்க்கிற பிறஷர் மெசினையும் குலை நிறுக்கும் கொட்டகைக்கே கொண்டுவந்துவிட்டாள். அங்கே கிடந்த குலைகளோ, ஏணி வைத்து ஏறினால்தான் நுனிச் சீப்பைப் பார்க்கலாம்.

"மிசி, எங்களையும் தராசிலை ஏத்தப்போறியளோ?" என்றார் ஒருவர்.

"ஏத்தினால் குலைக்குப் போலை நிறையிலை கழிவு போட்டுத்தான் விலை சொல்லுவினம். உனக்குப் பாதிதான் தேறும்" என்றார் பக்கத்தில் நின்றவர்.

சிரித்தபடியே ஒவ்வொருவராகக் கை நீட்டினார்கள். குணம் மட்டும் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு, மெசினைக் கண்டதும் நாலடி பின்வாங்கினான். "எனக்கொண்டுமில்லை மச்சான். அது வெய்யில்." இங்கே பாய மதில்தான் இல்லை.

நான் சுகந்தியின் காதில் சதித்திட்டம் சொன்னேன். "எனக்கு முதல் பார். பார்த்திட்டு, ஆளை விழுத்துற மாதிரி ஒரு கணக்குச் சொல்லு. உவன் பயந்து கை நீட்டுவான்."

அவள் என்னை வாயை மூடச் சொல்லி ஐந்து நிமிடம் இருத்தி வைத்தாள். ஒரு கையில் பார்த்தாள், மற்றக் கையிலும் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "நூற்றித் தொண்ணூறு, கீழை நூற்றிப்பத்து."

என்ன நடிப்பு! நான் சும்மா இருப்பேனா? நெஞ்சைப் பிடித்து, "ஐயோ, நூற்றித் தொண்ணூறாம்!" என்று போட்ட சத்தத்தில் சுன்னாகத்துக் காகங்கள் எழும்பி வல்லிபுரத்தில் போய் இறங்கின.

குணத்தின் முகம் மாறியது. "டேய், உனக்கோ?" என்று என் பக்கத்தில் வந்து குந்தினான். கொஞ்ச நேரம் என் தோளில் கை வைத்திருந்தான். பிறகு, "மிசி, எனக்கும் ஒருக்கால் பாருங்கோ" என்றான்.

அவனுக்கு இருநூற்றிப்பத்து.

"குணம் மாமா, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகவேணும். வீட்டை போட்டு வாறன் எண்டு சொல்லக்கூடாது."

"என்ரை குலையள்?"

"குலையை நாங்கள் நிறுக்கிறம். நீ உன்னைக் கொண்டு போ" என்று கழிவு சொன்னவரே அவனை ஓட்டோவில் ஏற்றினார். ஆஸ்பத்திரிக்கு அறுநூறு ரூபா.

"மாமா, நீங்களும் ஏறுங்கோ" என்றாள் சுகந்தி.

"நாடகம் முடிஞ்சுது பிள்ளை."

"நான் எங்கை நடிச்சனான்?" கணக்கு எழுதிய அட்டையை என் சட்டைப் பைக்குள் வைத்தாள். "ரெண்டு கையிலையும் பாத்துத்தான் எழுதினனான்."

ஓட்டோவுக்குள் இருவரும் தோளோடு தோள் ஒட்டி இருந்தோம். எனக்கு மாத்திரை எழுதி அன்றே அனுப்பினார்கள்; குணத்தை இரண்டு நாள் வைத்திருந்து வீட்டுக்கு விட்டார்கள். இப்போது தண்ணீரும் கட்டுகிறான், மாத்திரையும் போடுகிறான். அதை அவன் மனைவி தினமும் எண்ணுகிறாளாம்.

போகிறவர்களுக்கு: ஏழு மணிக்குள் நீர்வேலியில் இறங்குங்கள், எட்டரைக்குள் நல்ல குலை போய்விடும். மேசையோடு ஒரு மிசியைக் கண்டால் கை நீட்டுங்கள். அதற்கு முன் அரை மணி நேரம் தேத்தண்ணி வேண்டாம். ஐந்து நிமிடம் வாயை மூடி இருக்கவேண்டும். எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

மற்றபடி செதில், ஏணி, காகம் எல்லாம் என் சொந்த விளைச்சல். கழிவு போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நூற்றித் தொண்ணூறு மட்டும் உண்மை. அறுபத்துமூன்று வயதில், கூட்டிச் சொல்ல மனம் வராத முதல் எண் அதுதான்.