பத்தடி மூன்றங்குலம்

நான் அந்த அக்காவை முதன்முதலில் பார்த்தபோது, இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஆற்றில் நட்டிருந்த அளவுப் பலகையைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். ரிவர்ஸ்டன் மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் அது. கரையில் நின்ற எனக்கே குளிரில் பல் கிட்டியது. "பாசி புடிச்சா நம்பர் தெரியாதுங்க ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். பலகையைச் சுத்தம் செய்யும்படி அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. மாத்தளை நகரில் இருந்த சிறிய அரசாங்க ஆய்வுப் பிரிவொன்றில் நான் உதவியாளன். ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில், மலையுச்சிக் காட்டின் ஒரு பகுதியை வெட்டித் தேயிலை நடப்போகிறார்கள் என்று தெரிந்தபோது, காடு போனால் ஆறு என்னவாகும் என்று அளந்து பார்க்க எங்கள் மேலதிகாரி விரும்பினார். அடியும் அங்குலமும் குறித்த எட்டடிப் பலகை ஒன்றை ஆற்றில் நட்டோம். தினமும் இரண்டு வேளை அதைப் பார்த்து எழுத ஆள் வேண்டியிருந்தது. தோட்டத்துக் கிளாக்கர்தான் அக்காவைத் தேர்ந்து வேலைக்கு வைத்தார். கொழுந்து பறிப்பவர். தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புவரை படித்தவர். காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்குப் போகுமுன் ஒரு தடவை, மாலையில் கொழுந்தை எடைபோட்டுவிட்டு வரும்போது ஒரு தடவை ஆற்றில் இறங்குவார். இரண்டு கொப்பிகளை மாற்றி மாற்றிக் கொடுத்துவந்தோம். மாதக் கடைசியில் நான் பஸ் ஏறிப் போய், எழுதிய கொப்பியை வாங்கிக்கொண்டு மற்றதைக் கொடுப்பேன்.

காடு வெட்டிய இரண்டாம் வருடம் அவர் ஒன்று சொன்னார். "முந்தியெல்லாம் மழை பேஞ்சா மறுநாள்தாங்க ஆறு ஏறும். இப்ப மழை விடுறதுக்குள்ள ஏறிருது. ஏறின வேகத்துல எறங்கியும் போயிருது. வெயில் காலத்துல நாங்க தண்ணி புடிக்கிற பீலியில நூலாட்டம் வருது." எங்கள் பிரிவு பல மாதக் கணக்குக்குப் பிறகு கண்டுபிடித்ததும் இதைத்தான். ஆனால் அன்று நான் அதைக் கேட்டுத் தலையாட்டினேனே தவிர, எழுதிக்கொள்ளவில்லை.

அந்த வருட மார்கழியில் பெருமழை. நான்கு நாள் ரத்தோட்டைப் பாதை மூடிக் கிடந்தது. அம்மாதக் கொப்பியில் ஒரு மாலைக்கு எதிரே அவருடைய உருண்டையான எழுத்தில் 'பத்தடி மூன்றங்குலம்' என்று இருந்தது. எட்டடிப் பலகையில் பத்தடியை எப்படிப் பார்ப்பது? மேலதிகாரி அந்த வரியைக் காட்டி, "நேரில் போய் விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்" என்றார். அதைவிட நியாயமான உத்தரவு இருக்க முடியாது.

நான் போகவில்லை. தையில் எனக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். அழைப்பிதழ், உடுப்பு, உறவினர் வீடு என்று அலைச்சல். பாதையோ இன்னும் சேறு. அதோடு, உண்மையைச் சொல்வதானால், மூன்றாம் வகுப்புப் படித்த ஒரு பெண் ஓர் எண்ணைத் தவறாக எழுதியிருப்பார் என்று நம்புவது எனக்குச் சுலபமாக இருந்தது. சிவப்பு மைப் பேனாவால் அந்த வரியை வெட்டினேன். பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அறிக்கையில் அந்த மழையின் உச்ச நீர்மட்டம் ஏழரை அடி என்று போயிற்று. அது அதற்கு முந்திய காலையில் அக்கா எழுதியது. கொப்பியைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். பிறகு மூடிச் சேலை மடிப்பில் வைத்துக்கொண்டார்.

சில மாதங்களில் தோட்டத்தார் ஆற்றின் குறுக்கே ஒரு மரப்பாலம் போட்டார்கள். அக்கரை மலையில் புதிதாக நட்ட தேயிலைக்குப் போய்வர அது தேவைப்பட்டது. எவ்வளவு உயரத்தில் போடலாம் என்று எங்கள் பிரிவைத்தான் கேட்டார்கள். வெள்ளம் ஏறிய உச்சம் ஏழரை அடி என்றோம். அவர்கள் ஒன்பதடியில் போட்டார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு பிற்பகல் வெள்ளத்தில் பாலம் போயிற்று. கொழுந்துச் சாக்கோடு அதில் வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணும் போனாள். அக்காவின் நாத்தனார். இரண்டு நாளுக்குப் பிறகு வெகு கீழே, பாறையிடுக்கில் கிடைத்தாள்.

செய்தி கேட்டு நான் போனபோது, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா என்னைக் கண்டதும் எழுந்து ஆற்றுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். பலகைக்கு மேலே பாறையில் மங்கிப்போன சுண்ணாம்புக் கோடு ஒன்று இருந்தது.

"போன வருசம் தண்ணி இது மட்டும் வந்துச்சுங்க. கொய்யா மரத்துல சேலையக் கட்டிப் புடிச்சுக்கிட்டு இந்தக் கோட்டப் போட்டேன். தண்ணி வடிஞ்சப்புறம் பலகைத் தலையில இருந்து மட்டக்குச்சி வச்சு அளந்தேன்" என்றார். தேயிலைச் செடிகளின் தலை மட்டம் பார்க்கப் பறிப்பவர்கள் கையில் வைத்திருக்கும் நீளக் குச்சி அது. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "நான் எழுதினத வெட்டினது யாருங்க ஐயா?"

"மேல இருந்து வெட்டச் சொல்லிட்டாங்க, அக்கா" என்றேன்.

அவர் மறுபடி கேட்கவில்லை. அன்று மாலையும் தண்ணீரில் இறங்கி, பலகையைப் பார்த்து எழுதினார்.

அதன் பிறகும் இரண்டு வருடம் அவர் எழுதினார். ஒரு நாள்கூட விடுபடவில்லை. ஒவ்வொரு மாதமும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தே பஸ் ஏறுவேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மழை, பலகை, கொப்பி என்று வேறு பேச்சுப் பேசிவிட்டுத் திரும்புவேன். இதற்கிடையில், பிரஜாவுரிமை இல்லாத தோட்டத்து மக்களை அனுப்ப இரு நாடுகளும் செய்த ஒப்பந்தப்படி, அவர்கள் குடும்பத்துக்கு இந்தியாவுக்குப் போகும் தாள் வந்துவிட்டது. அக்கா பிறந்தது அதே லயத்தில். என் அப்பா பிறந்தது இந்தியாவில். ஆனால் அப்பாவுக்கு மாத்தளையில் கடை இருந்தது, பத்திரங்கள் இருந்தன, மனு எழுதிக் கொடுக்க ஒரு வக்கீல் இருந்தார். அதனால் நான் இந்த நாட்டுப் பிரஜை. அவர் இல்லை.

மாத்தளை ஸ்டேஷனில் அவர்களை வழியனுப்பப் போனேன். தகரப் பெட்டிகளும் பாய்ச்சுருட்டுகளுமாக பிளாட்பாரம் நிறைந்திருந்தது. ரயில் புறப்படச் சற்று முன்பு, ஜன்னலோரம் நின்று, "அக்கா, அன்னைக்கு அத வெட்டினது நான்தான். வந்து பாக்காமலே வெட்டிட்டேன்" என்றேன்.

"தெரியுங்க ஐயா. செவப்பு மையில எழுதுறது நீங்க ஒருத்தர்தானே" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அது எனக்கு இன்னும் கடினமாக இருந்தது. "அன்னைக்கே நீங்க சொல்லியிருந்தா மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும். எங்க வீட்டுக்காரரு, நீதான் தப்பா எழுதிட்டேன்னு ரொம்ப நாளு என்னையச் சொல்லிக்கிட்டே இருந்தாரு. அவருக்குத் தங்கச்சியில்லையா." பிறகு, "அந்த நம்பர திருப்பி எழுதிட்டீங்களா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல."

"எழுதிருங்க."

மறுநாள் காலை எழுதினேன். வெட்டியது யார், ஏன், அதனால் என்ன நடந்தது என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டு மேலதிகாரியிடம் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார். என் பதவி உயர்வு சில வருடம் தள்ளிப்போயிற்று. நடந்ததற்கு அது ஒரு தண்டனையே அல்ல.

அக்காவுக்குப் பதில் வைத்த ஆள் ஆற்றுக்கே போகாமல் எண்களை எழுதினார். மழை நாளிலும் வெயில் நாளிலும் ஒரே இரண்டடி. மூன்றாம் மாதம் நானே அந்த அளவீட்டை நிறுத்தும்படி எழுதினேன்.

இப்போது எனக்கு எண்பது வயது நெருங்குகிறது. அண்மையில் ஓர் ஆராய்ச்சி மாணவி என்னைத் தேடி வீட்டுக்கு வந்தாள். மலைக்காடு அழிந்ததும் ஓர் ஆறு எப்படி மாறியது என்பதற்கு அந்தக் கொப்பிகள்போல நாள் தவறாத சான்று வேறு தனக்குக் கிடைக்கவில்லை என்றாள். அவை ஏன் திடீரென்று நின்றுபோயின என்று கேட்டாள். எழுதியவரைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டோம் என்றேன்.  தன் கட்டுரையில் போட வேண்டும் என்று அவர் பெயரைக் கேட்டாள். சொன்னேன். ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். இந்தியாவில் எந்த ஊரில் குடியேறினார் என்று கேட்டபோது, தெரியாது என்றேன். அதை நான் அன்று ஸ்டேஷனில் கேட்டிருக்கலாம்.